ஆம்ப் மீட்டர் முள் சொன்ன சேதி

கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில், 1719 வாக்கில், நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவான ஊர் காலடிப்பேட்டை. அதை ஒட்டி ஓடும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு 1950-களில் 'டப் டப்' என்றொரு புதுச் சத்தம் வந்து சேர்ந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் இந்திய அரசு புல்லட் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதையொட்டி மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு வண்டி முழுவதும் இங்கேயே தயாரானது. தாய்க் கம்பெனி 1970-இல் மூடப்பட்டது. 1977-இல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது!

அந்த 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டு காலம் பெரிதாக மாறவேயில்லை. இது கம்பெனியின் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மெக்கானிக்குகளுக்கு அது வரம். அப்பன் வண்டியில் கற்ற வித்தை மகன் வண்டியிலும் செல்லுபடியானது.

வித்தையின் பாதி, ஹெட்லைட்டுக்கு மேலே இருந்த சின்ன ஆம்ப் மீட்டரில் இருந்தது. கிக்கரை மெல்ல மிதித்தால், தீப்பொறியைத் தூண்டும் பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அந்த இடத்தில், சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷரைப் பிடித்து, பிஸ்டனைச் சற்றே தாண்ட வைத்து, பிறகு ஓங்கி மிதிக்க வேண்டும். தீப்பொறி விழும் நேரம், அதாவது டைமிங், முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

டைமிங் பிந்தினால் உதை கிடையாது. வண்டி இழுக்காது, சைலன்சர் கொதிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் காரணம் அற்பமானது: பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறி பிந்தும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்தபின், பாயின்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, அது எந்தக் கணத்தில் உருவிக்கொண்டு வருகிறது என்று பார்த்து டைமிங் வைப்பார்கள். பாயின்ட் அடிக்கடி கருகினால் கன்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

இதையெல்லாம் முடிக்காமல் கார்புரேட்டரில் கைவைப்பவன் அரைகுறை. மிஸ்ஸிங் வந்ததும் ஜெட்டைக் கழற்றி ஊதுவது சுலபம். கோளாறு பாயின்ட்டில் இருந்தால் அந்த ஊதலால் பயனில்லை. நல்ல மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். வெளுத்த பிளக்கோடு கார்புரேட்டர் வழியே 'பட் பட்' என்று திருப்பி வெடித்தால், இன்டேக் ஜாயின்ட்டில் காற்று கசிகிறதா என்று பார்ப்பார். மிக்கார்ப் கார்புரேட்டரில் ஸ்லைடு தேய்ந்துவிட்டால் ஸ்லோ நிற்காது. ஏர் ஸ்க்ரூவை எத்தனை திருகு திருகினாலும் வீண்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்து பாயின்ட்டை ஓய்வுக்கு அனுப்பியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது புதிய புல்லட்டில் கார்புரேட்டருக்கும் இடமில்லாமல் போனது. பழைய வண்டிக்காரர்களுக்கு இப்போது வேறு கவலை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை மெலிகிறது, பழைய ரப்பர் பாகங்களும் கெடுகின்றன. அதனால் ஒரு சைஸ் பெரிய ஜெட் தேட வேண்டியிருக்கிறது.