ஒருங்கே பிறந்தனவா?

தென்வானத்து ஒமேகா சென்டாரியைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி விண்மீன் பட்டியலில் சேர்த்தார். 1603இல் பேயர் அதற்குக் கிரேக்க எழுத்தொன்றைச் சூட்டியதும் விண்மீனென்று கருதியே. 1677இல் செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து நோக்கிய ஹாலிக்கு அது மங்கிய ஒளித்திட்டாகத் தோன்றிற்று. கொத்து என்று உணர்ந்தவர் டன்லப், ஆண்டு 1826. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டுத் தொலைவில், பந்துபோல் திரண்டுள்ளன.

இத்தகைய கோள வடிவக் கொத்துகளின் விண்மீன்கள் ஒரே முகிலில், ஒரே காலத்தில், ஒரே கலவையில் பிறந்தவை. எடையால் மட்டுமே வேறுபடுவன என்று இருபதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் உரைத்தன. விண்மீன்களின் அகவையைக் கணிக்கும் முறையே இக்கொள்கையின்மீது எழுந்தது. ஆதலின் அதனைக் கைவிட எளிதில் மனம் வரவில்லை. 1973இல் கேனனும் ஸ்டோபியும் ஒமேகா சென்டாரியின் செம்பெருமீன்கள், நிறத்தையும் ஒளியையும் கொண்டு வரையும் படத்தில், மெல்லிய கோடாக அமையாமல் பரந்து கிடப்பதைக் காட்டினர். அக்கொத்து விதிவிலக்கெனப்பட்டது. விதியைக் காக்க இச்சொல்லைப்போல் உதவும் சொல் பிறிதில்லை!

1997இல் ஆண்டர்சன் தம் முனைவர் பட்ட ஆய்வில், ஹபிள் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு, இளமைநிலை மாறாத விண்மீன்களின் வரிசையும் இரண்டாகப் பிரிவதைக் கண்டார். 2004இல் அது உறுதியாயிற்று. மறு ஆண்டு வியப்பு பெருகியது. உலோகம் மிகுந்த விண்மீன் சிவந்து தோன்றவேண்டும். இங்கோ நீல வரிசையே உலோகம் மிகுந்திருந்தது. அதன் நிறையில் ஐந்தில் இரு பங்களவு ஹீலியம் என்று கொண்டாலன்றி விளக்கம் அமையவில்லை. இயல்பான அளவு நான்கில் ஒரு பங்கே. 2007இல் என்ஜிசி 2808 என்னும் கொத்தில் மூன்று வரிசைகள் தென்பட்டன. பின்னர், பழங்கொத்துகள் பெரும்பாலானவற்றில் பன்மை புலப்பட்டது. விதிவிலக்கே விதியாயிற்று.

மிகுந்த ஹீலியம் எங்கிருந்து வந்தது? முதிர்ந்த மீன்கள் உதிர்த்த வாயு என்பர் சிலர். விரைந்து சுழலும் பெருமீன்கள் என்பர் வேறு சிலர். இரட்டை மீன்களின் கொடுக்கல் வாங்கலையும், மீப்பெரு விண்மீன்களையும் காட்டுவாரும் உளர். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் இடறுகிறது. பல கொத்துகளில் மாறிய கலவையுடையனவே பெரும்பான்மை. அவற்றை உருவாக்குமளவு பொருளை எஞ்சியுள்ள முன்னோர் ஈந்திருக்க இயலாது. முன்னோர் பன்மடங்கு இருந்து சிதறினர் என்றால், சிதறியோர் எங்கே?

ஒமேகா சென்டாரி சிதைந்த சிறு பால்வெளியொன்றின் கரு என்பது பலர் கருத்து. 2019இல் அதிலிருந்து உதிர்ந்த விண்மீன் ஓடையொன்று இனங்காணப்பட்டது. ஆயினும் ஏனைய கொத்துகளுக்கு அவ்விடை பொருந்துவதன்று. 'தலைமுறை' என்றால் பெற்றோரும் பிள்ளைகளும் உண்டென முன்னரே ஒப்பியதாகும். அதனாலேயே ஆய்வாளர் பலர் 'தொகை' என்னும் சொல்லோடு நின்றுகொள்கின்றனர்.