கயர் என்றொரு சுவையும் திருகோணமலைத் துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பீரங்கிகளையும் கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் பற்றியே எழுதினர். பத்திரிகைப் பணியில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் நானும் அவ்வாறே எழுதினேன். அந்த வரலாற்றை ஒரு சுவையின் வழியாகவும் சொல்லலாம் என்பது, சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் பால்ய நண்பர் ஒருவரின் இல்லத்தில் இராப்போசனத்துக்கு அமர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நண்பர் திருகோணமலைக் கடற்கரையிலே பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்த குடும்பத்தவர். 1985ஆம் ஆண்டில் ஊரை விட்டு வெளியேறியவர். அவருடைய மகன் அங்கே ஓர் உணவகத்தில் விருந்தினருக்கு வைன் தெரிந்து பரிமாறும் பணியில் இருக்கிறான். அன்றிரவு அவன் பந்தோல் என்னும் ஊரின் சிவப்பு வைன் ஒன்றைத் திறந்து என் முன்னே வைத்தான்.

“கொஞ்சம் கைக்கும் பெரியப்பா, மெல்லக் குடியுங்கோ” என்றான்.

குவளையில் இருந்தது ஏறக்குறையக் கருமை. ஒளியில் பிடித்தால் மட்டுமே ஓரத்தில் நாவற்பழச் சாற்றின் ஊதா தெரிந்தது. நன்றாகக் கனிந்த பழத்தின் மணமும், அதனடியில் பதனிட்ட தோலின் மணமும், காய்ந்த மூலிகையின் மணமும் வந்தன. ஒரு மிடறு அருந்தினேன். முதலில் பழத்தின் இனிமை. விழுங்கிய பின் முரசு உலர்ந்து, நா சொரசொரத்து, கன்னங்கள் உள்ளிழுத்துக்கொண்டன.

“தம்பி, இது கைப்பு இல்லை. கயர்” என்றேன்.

அந்தச் சொல்லை அவன் கேள்விப்பட்டதில்லை. பிரெஞ்சு மொழியில் இச்சுவையை வருணிக்க அவனுக்குப் பல சொற்கள் தெரியும். தாய்மொழியில் மட்டும் பாகற்காய்க்கும் வாழைப்பூவுக்கும் அவனிடம் ஒரே சொல்லே இருந்தது. நண்பர் அதுவரை பேசாதிருந்தார். குவளையை முகர்ந்துவிட்டு, “ஐயா வலை தோய்ச்ச பனிச்சங்காய்ச் சாறும் இப்பிடித்தான் நாக்கை இழுத்துப் பிடிக்கும்” என்றார். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையின் விதை.

முதலில் அந்தப் பழத்தைப் பார்ப்போம். இலங்கையில் நாம் முந்திரிகை என்றும் தமிழகத்தார் திராட்சை என்றும் சொல்லும் கனியின் எண்ணற்ற வகைகளில் மூர்வேதர் என்பது ஒன்று. ஸ்பெயினில் மொனஸ்ட்ரெல் என்றும் அவுஸ்திரேலியாவில் மத்தாரோ என்றும் வழங்குவது. சிறிய பழம், தடித்த தோல், தாமதமான பருவம். வெயில் குறைந்தால் முற்றாது. தலை வெயிலிலும் கால் நீரிலும் இருக்கவேண்டிய கொடி என்று தென் பிரான்சின் உழவர் இதனைச் சொல்வர். மத்தியதரைக் கடலோரத்துப் பந்தோலில் அதற்கு இரண்டும் கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ப்பேன் என்னும் பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தபோது இவ்வகையும் அருகியது. 20ஆம் நூற்றாண்டில் சிலரது விடாமுயற்சியால் மீண்டது. 1941இல் பந்தோல் வைனுக்குச் சட்டப்படியான தனிப்பெயர் உரிமை வழங்கப்பட்டது. இன்று அப்பெயர் தாங்கும் சிவப்பு வைனில் குறைந்தது பாதி மூர்வேதராக இருத்தல் வேண்டும். பதினெட்டு மாதங்களாவது மரப்பீப்பாயில் உறங்குதல் வேண்டும்.

அதன் கயருக்குக் காரணம் தனின் என்னும் பொருள். பழத்தின் தோலிலும் விதையிலும் இருப்பது. நம் உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதனாலேயே வாய் வறள்கிறது. பிராணவாயு பட்டு வைன் கெடுவதை அதுவே தாமதப்படுத்துகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தனின் நுண்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பகுதி வண்டலாகப் படியும். முரட்டுக் கயர் தணிந்து மென்மையாகும். நாங்கள் அருந்தியது மூன்று நான்கு ஆண்டுகளே ஆன வைன். பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியது என்று பையன் குறைப்பட்டான்.

கடற்பயணத்தைத் தாங்கும் வைன் என்று பந்தோல் பெயர் பெற்றதற்கும் இக்கயரே காரணம். அக்காலத்தில் அது சிறிய பெருமை அன்று. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு முக்கால் பைந்து வைன் பங்கீடு. இன்றைய அளவில் ஏறத்தாழ 0.7 லீற்றர். 74 பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பலில் 700 பேர் வரையில் இருப்பர். அப்படியானால் ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்கு 490 லீற்றர். அது வெப்பக் கடலில் புளித்துப்போனால் கப்பலில் அமைதியும் புளித்துப்போகும்.

அத்தகைய கப்பல்கள் திருகோணமலைக்கு வந்த ஆண்டு 1782. அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயர் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் முற்றுகையிட்டு அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் விரைந்து வந்து சேர்ந்தபோது கோட்டையின் மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டெம்பர் 3ஆந் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு படைகளும் பொருதன; முடிவான வெற்றி எவருக்கும் இல்லை. போரிலே தப்பிய ‘ஓரியன்’ என்ற 74 பீரங்கிப் பிரெஞ்சுக் கப்பல், சில நாட்களின் பின் துறைமுகத்துக்குள் திரும்பும்போது தரைதட்டி அழிந்தது.

சுஃப்ரன் தென் பிரான்சின் புரொவான்ஸ் மாகாணத்தவர். 1729இல் சான் கனா என்னும் ஊரில் பிறந்தவர். பந்தோலும் அதே மாகாணத்தைச் சேர்ந்தது. எனினும் அவர் 1781இல் பாய்விரித்துப் புறப்பட்டது அத்திலாந்திக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறையிலிருந்து. ஆகவே அவருடைய பீப்பாய்களில் பந்தோல் வைனை ஊற்றிவைக்க நான் துணியேன். ஐரோப்பியப் பீப்பாய் வற்றியபோது கிழக்கிலே சாராயம் அதன் இடத்தை நிரப்பியது என்பதை மட்டும் சொல்லலாம். இலங்கைத் தென்னஞ்சாராயம் ஒல்லாந்தர் காலத்திலேயே ஏற்றுமதிப் பண்டம்.

இனி, கோட்டைக்குக் கீழே கரைவலை இழுத்தவர்களிடம் வருவோம். அவர்களுக்கும் கடல் வைத்த கேள்வி அதுவே: கெடக்கூடியதைக் கெடாமல் காப்பது எப்படி? பருத்தி நூல் வலை உப்புநீரில் விரைவில் இற்றுப்போகும். கீழைக்கரைக் கடற்றொழிலாளர் பனிச்சை மரத்தின் முற்றாத காய்களைப் பறித்து, இடித்து, நீரில் ஊறவிட்டு, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்து வெயிலில் உலர்த்தினர். வலை கருங்கபில நிறமாகும், நூல் இறுகும், அழுகல் தள்ளிப்போகும். மட்டக்களப்புக்கு வடக்கே பனிச்சங்கேணி என்ற ஊர்ப்பெயரே அம்மரத்தின் பெயரால் நிற்கிறது. காயிலிருந்த பொருளும் தனின்தான். பீப்பாய்க்குள் வைனையும் கரையில் வலையையும் காத்தது ஒரே கயர்.

தமிழ் இதனை அறிந்தே பெயரிட்டிருக்கிறது. வீட்டிலே கயர் என்பதை ஏட்டிலே துவர்ப்பு என்போம், அறுசுவையுள் ஒன்று. துவர் என்றால் சிவப்பு என்றும் பொருள். காவி தோய்ந்த துறவியர் உடை துவராடை. பாக்குக்குத் துவர்க்காய் என்றும் பெயர். சுவைக்கும் சாயத்துக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர், முந்திரிகைத் தோலில் நிறமும் கயரும் சேர்ந்தே இருப்பதைக் கண்டு வியந்திருக்க மாட்டார்கள்.

1950களின் பிற்பகுதி தொடங்கிச் செயற்கை நூல் வலைகள் பரவின. அவை இற்றுப்போவதில்லை, பனிச்சங்காயும் தேவைப்படவில்லை. அதில் குறைசொல்ல ஏதுமில்லை; கடற்றொழிலாளரின் உழைப்பு குறைந்தது. ஆனால் சுஃப்ரனின் மாலுமி அருந்திய முக்கால் பைந்து வைனுக்கு ஏட்டில் கணக்கு உண்டு. நண்பரின் தந்தையார் எத்தனை நாள் காயை ஊறவிட்டார், எப்போது சாறு பதமாயிற்று என்று எப்படி அறிந்தார் என்பது அவருடைய கைகளோடு போயிற்று. அன்றிரவு நண்பர் நினைவிலிருந்து சொன்னவற்றை நான் குறித்துக்கொண்டேன். எழுபது வயதில் அவருக்கு நினைவிருந்தது பாதி.

பையன் வைன்களைப் பற்றிக் குறித்துவைக்கும் கொப்பி ஒன்று வைத்திருக்கிறான், முழுவதும் பிரெஞ்சு. அன்றைய பக்கத்தில் என்னைக் கொண்டு ‘கயர்’ என்று தமிழில் எழுதுவித்தான். ஊருக்கு வந்து பனிச்சங்காய் ஒன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும் என்கிறான். வரட்டும். பனிச்சங்கேணி வரை அழைத்துச் செல்கிறேன்.