டாக்சிசைக்ளின்: முகப்பருவுக்கும் நோய்த்தொற்றுக்கும் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த ஆன்டிபயாடிக் மருந்தாகும். பாக்டீரியாக்கள் தமக்குத் தேவையான புரதங்களை உருவாக்குவதைத் தடுத்து, அவை பெருகாமல் செய்கிறது. மருத்துவர் சீட்டின்றி இதனை வாங்கவோ உட்கொள்ளவோ கூடாது. அட்டையில் உள்ள சிவப்புக் கோடு இதனையே நினைவூட்டுகிறது.

எதற்காகத் தரப்படுகிறது?

சிவந்து வீங்கிய, சீழ் கொண்ட முகப்பருவுக்கு இது தரப்படுகிறது. உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல், கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்று, சில நுரையீரல் தொற்றுகள் ஆகியவற்றுக்கும் பயன்படுகிறது. சளி, ஃபுளூ, டெங்கு ஆகியவை வைரஸால் வருவன. அவற்றுக்கு இம்மருந்தால் பயனில்லை.

மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டியவை

• நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ, பாலூட்டினாலோ.
• டெட்ராசைக்ளின் மருந்துகளால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ.
• முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் அல்லது வைட்டமின் ஏ மாத்திரை உட்கொண்டு வந்தால். இவற்றை டாக்சிசைக்ளினுடன் சேர்த்து உட்கொண்டால் மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் உயரக்கூடும்.
• வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொண்டு வந்தால்.

டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வளரும் பற்களில் நிலையான கறையை உண்டாக்கக்கூடும். ஆகையால் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்மருந்து பொதுவாகத் தரப்படுவதில்லை. எனினும் உண்ணிக் காய்ச்சல் போன்ற உயிருக்கு ஆபத்தான நோயில் மருத்துவர் இதனைக் குறுகிய காலத்துக்குப் பரிந்துரைக்கலாம். அவ்வேளையில் அச்சத்தால் மருந்தை நிறுத்த வேண்டாம்.

எவ்வாறு உட்கொள்வது?

ஒரு முழுக் குவளைத் தண்ணீருடன், அமர்ந்தோ நின்றோ விழுங்குங்கள். அதன்பின் குறைந்தது 30 நிமிடங்கள் படுக்காதீர்கள். மருந்து உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண் உண்டாகி, விழுங்கும்போது கடும் வலி ஏற்படும். இரவில் படுக்கச் செல்லும் நேரத்தில் உட்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது.

வயிறு புரட்டினால் உணவுடன் உட்கொள்ளலாம். இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாக மாத்திரைகளும், நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்துகளும் டாக்சிசைக்ளின் உடலில் சேர்வதைத் தடுக்கும். எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால், மறந்ததை விட்டுவிடுங்கள். இரு வேளை மருந்தை ஒன்றாகச் சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.

எத்தனை நாட்கள்?

நோய்த்தொற்றுக்குத் தரப்பட்டிருந்தால், காய்ச்சல் தணிந்தவுடன் நீங்களாகவே நிறுத்தாமல், மருத்துவர் கூறிய நாட்கள் முழுவதும் உட்கொள்ளுங்கள்.

முகப்பருவில் மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் பொதுவாக 3 மாதங்களுக்குள் பயனை மதிப்பிட்டு, மருந்தை நிறுத்த முயல்வார். பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு மருந்தும் தந்திருந்தால் அதனையும் தவறாது பூசுங்கள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உருவாவதை அது குறைக்கிறது. பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குவதைத் தவிருங்கள்.

பக்கவிளைவுகள்

குமட்டல், வயிற்றுப்போக்கு, பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று ஆகியவை ஏற்படலாம். தோல் வெயிலில் எளிதில் சிவந்து எரியும். ஆதலால் வெளியே செல்லும்போது குடையும் முழுக்கை உடையும் சன்ஸ்கிரீனும் பயன்படுத்துங்கள்.

உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டியவை

• முகம், உதடு, நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல். இந்நிலையில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
• கடும் தலைவலியுடன் பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல்.
• நீர்த்த அல்லது இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழிந்த பின்னரும் இது வரக்கூடும்.
• தோல் கொப்பளித்து உரிதல்.

மீந்த மருந்தை என்ன செய்வது?

வீட்டில் எஞ்சியுள்ள டாக்சிசைக்ளினைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்தும் வைக்காதீர்கள். அரைகுறையாக உட்கொண்ட மருந்து நோயின் அறிகுறிகளை மறைத்து, சரியான சிகிச்சையைத் தாமதப்படுத்தும். காலாவதியான மருந்தை உட்கொள்ள வேண்டாம். பருவுக்குத் தரப்படும் இதே மருந்துதான் உண்ணிக் காய்ச்சலில் உயிரைக் காக்கிறது. தேவையான வேளையில் அது பயன்தர, தேவையற்ற வேளையில் அதனைத் தவிர்ப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.