பாயில் சுவர் இல்லை



சில மாதங்களுக்கு முன்பு, ஆராதனை முடிந்து நீங்கள் யாவரும் கலைந்துபோன பின்பு, நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகளும் மகனும் நம் புதுச்சேரியில் நடக்கும் ஜியு ஜிட்சு வகுப்புக்குச் சென்று வருகிறார்கள். "ஐயா, மல்லுக்கட்டுக் கற்றுக்கொள்வது விசுவாசப் பிள்ளைகளுக்குத் தகுமா?" என்று தொடங்கினார். நான் பதில் சொல்லுமுன்பே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கே யார் யாரோ வருகிறார்கள் ஐயா. எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று ஒன்றும் தெரியாது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளுகிறார்கள்" என்றார்.

அவருடைய மனதை உறுத்தியது இரண்டாவது கேள்விதான் என்பதை நான் அப்போதே அறிந்தேன். ஆனாலும், "ஜெபிப்போம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அது ஜெபமல்ல, தப்பித்தல். அந்தக் கடனை இந்த வாரம் தீர்க்க விரும்புகிறேன். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அதற்கு உங்களைச் சற்று வரலாற்றுக்குள் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

1882ஆம் ஆண்டில் தோக்கியோ நகரின் ஒரு பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய்களை விரித்து, ஒன்பது மாணவர்களோடு ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய கானோ ஜிகோரோ அப்போது இளைஞர். சிறுவயதில் மெலிந்த உடலால் மற்ற மாணவரிடம் துன்பப்பட்டவர். பழைய ஜப்பானியப் போர்க்கலையான ஜியு ஜிட்சுவை ஆசிரியர் சிலரிடம் கற்று, அதில் ஆபத்தான பகுதிகளை விலக்கி, ஒழுக்கப் பயிற்சியாக அதை மாற்றி, ஜூடோ என்று பெயரிட்டார். 'ஜியு' என்னும் சொல்லுக்கு இணங்கிப்போதல், மென்மை என்று பொருள். தள்ளுகிறவனைத் திருப்பித் தள்ளாமல், அவனுடைய பலத்தையே பயன்படுத்தி அவனை நிலைகுலையச் செய்வதே அதன் அடிப்படை. கானோ தம் மாணவருக்கு இரண்டு கொள்கைகளை வைத்தார். ஒன்று, உள்ள ஆற்றலை வீணாக்காமல் நன்றாகப் பயன்படுத்துவது. மற்றது, தானும் பிறரும் சேர்ந்து வளர்வது. எதிரில் நிற்பவன் இல்லாமல் நீ கற்க முடியாது. ஆகவே அவனைக் காப்பது உன் கடமை என்பதே இரண்டாவதன் சாரம்.

கானோவின் கூடத்தில் பயின்ற மித்சுயோ மயேதா என்பவர் 1904இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்டு, பல நாடுகளில் மற்போர் செய்து, 1914இல் பிரேசில் சென்றடைந்தார். பின்பு பெலேம் நகரில் குடியமர்ந்தார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் கார்லோஸ் கிரேசியும் ஒருவர். கிரேசி குடும்பத்தார் சொல்லும் வரலாற்றின்படி, 1925இல் ரியோ டி ஜெனீரோவில் அவர்களுடைய முதல் பயிற்சிக்கூடம் திறக்கப்பட்டது. கார்லோஸின் தம்பி எலியோ மெலிந்த உடலினர். பலத்தால் செய்ய இயலாததை நெம்புகோல் தத்துவத்தாலும் பொறுமையாலும் செய்ய அவர் வழி தேடினார். தரையில் விழுந்த பின்பும் தோற்றுவிடாமல், கீழே கிடந்தபடியே தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இவ்வாறு வளர்ந்தது. இதுவே இன்று பிரேசிலிய ஜியு ஜிட்சு எனப்படுகிறது.

இந்தக் கலையின் வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கத்தில், ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவோடு எலியோ மோதினார். கிமுரா அவருடைய கையை முறுக்கிப் பூட்டினார். கை முறிந்தும் எலியோ பணியவில்லை; அவர் தரப்பினரே இடைப்பட்டுப் போட்டியை நிறுத்தினார்கள். தோற்ற பிரேசிலியர் அந்தப் பூட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'கிமுரா'. தங்களை வென்றவனின் பெயரை இன்றுவரை தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம்மை வென்றவர்களின் பெயரை நாம் வீட்டில் எப்படி உச்சரிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1905ஆம் ஆண்டு வாக்கிலேயே சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனில் ஜியு ஜிட்சு கற்பித்தார். 1928 மே மாதத்தில் இரவீந்திரநாத் தாகூர் நம் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்துச் சென்றார். அடுத்த ஆண்டே, கானோவின் மாணவரான தாகாகாகி ஷின்சோவை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் அங்கே ஜூடோ பயின்றார்கள். அந்நாளில் பெண்பிள்ளைகளைத் தற்காப்புக் கலைக்கு அனுப்புவதற்குத் துணிவு தேவைப்பட்டது. புதுச்சேரியிலும், 1940களில் அரவிந்தர் ஆசிரமத்துப் பெண்பிள்ளைகள் அரைக்காற்சட்டை அணிந்து விளையாட்டுத் திடலில் இறங்கியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு.

இனி நம் சொந்தத் திண்ணைக்கு வருவோம். 1910இல் இலண்டனிலிருந்து தப்பி வந்து, பிரெஞ்சுக் கொடியின் கீழ் இந்த ஊரில் அடைக்கலம் புகுந்த வ.வே.சு. ஐயரை நீங்கள் அறிவீர்கள். மன உறுதியும் உடல் உறுதியும் உள்ள தலைமுறையை உருவாக்க விரும்பியவர் அவர். பின்னாளில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். பெரிய நோக்கத்தோடு தொடங்கப்பட்ட அந்தக் கல்விக்கூடம் எதனால் குலைந்தது? பாடத்திட்டத்தால் அல்ல, பணமுடையினால் மட்டும் அல்ல. பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது என்ற செய்தி வெளியே வந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுந்தார்கள். தமிழகமெங்கும் அது பெரும் விவாதமாயிற்று. 1925 ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில், தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் துறந்தார். அவருடைய தியாகத்தையும் தமிழ்ப்பணியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை தைரியசாலிக்கும் ஒரு பந்தியைப் பொதுவாக்குவது கடினமாயிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ரியோவில் கிரேசிகள் முதற்பாயை விரித்ததாகச் சொல்லப்படுவதும் அதே 1925ஆம் ஆண்டுதான்.

ஐயரைச் சுட்டிய விரல் நம்மையும் சுட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டில் இவ்வூர்ச் சம்பா கோவிலுக்குள், ஒடுக்கப்பட்ட விசுவாசிகளை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் அந்தச் சுவர் நீக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். "அது கத்தோலிக்கருடைய கதை" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சைப் பகுதி விசுவாசிகளில் அநேகர் அதை ஏற்க மறுத்து முரண்பட்டார்கள். நற்செய்தியைப் பெற்றுக்கொண்ட கைகள்தாம் அடுத்த கையைத் தொட மறுத்தன.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, ஒரு மாலையில் அந்தத் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு வகுப்பைப் பார்க்கச் சென்றேன். மாடியில் ஒரு நீண்ட அறை. தரை முழுவதும் பாய். பயிற்சிக்கு முன்பு ஆசிரியரே துடைப்பானை எடுத்துக் கிருமிநாசினி கலந்த நீரால் பாயைத் துடைத்தார். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் நகத்தையும் பார்த்தார். நகம் வளர்ந்திருந்தால் முதலில் நகவெட்டி. தோலில் படை இருந்தால் ஆறும்வரை விடுப்பு. தன் நகம் பிறரைக் கீறும், தன் நோய் பிறருக்குத் தொற்றும் என்பதால் இந்த ஒழுங்கு. தீட்டு என்ற பேச்சு அங்கே எழவில்லை; தூய்மை என்பது அடுத்தவனைக் காப்பதற்காகவே இருந்தது. சிறுவருக்கு வேறு நேரம், பெரியவருக்கு வேறு நேரம். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கதவோரம் ஒரு பெஞ்சு திறந்தே இருந்தது. பிள்ளைகளை எங்கே அனுப்பினாலும் இந்தத் திறந்த கதவு இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவேண்டும்.

முதலில் உடலைச் சூடாக்கும் பயிற்சி. பின்பு ஒரு பிடி கற்பிக்கப்பட்டது. இருவர் இருவராக அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதன்பின் உண்மையான மற்பிடி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மணி ஒலிக்கும்; உடனே எல்லோரும் இணையை மாற்றிக்கொள்வார்கள். யாரோடு வேண்டுமானாலும் பிடிக்க ஆயத்தமாயிருக்க வேண்டும். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று பட்டை உயர்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும். கறுப்புப் பட்டைக்குப் பலருக்குப் பத்து ஆண்டுகளும் ஆகும். அந்த ஆண்டுகளைப் பணத்தால் வாங்க முடியாது, குலப்பெயரால் சுருக்கவும் முடியாது.

ஆனாலும் அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடம் பிடி அல்ல. தட்டுதல். பூட்டு இறுகி வலிக்கத் தொடங்கும்போது, எதிராளியின் உடம்பிலோ பாயிலோ கையால் தட்டினால், அவன் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். இது மீறக்கூடாத விதி. "தட்டுவதற்கு வெட்கப்படாதே, தட்டியவனை விடத் தாமதிக்காதே" என்று ஆசிரியர் ஒரு சிறுவனிடம் சொல்லக் கேட்டேன். தன் கழுத்தை அடுத்தவன் கையில் ஒப்படைத்துவிட்டு, அவன் விட்டுவிடுவான் என்று நம்புகிற நம்பிக்கையின்மேல் அந்தக் கூடம் நிற்கிறது. நம் சபையில் ஒருவர் வலியால் தட்டும்போது, நாம் எத்தனை நாட்கள் கழித்து விடுகிறோம்?

வகுப்பின் முடிவில் எல்லோரும் வரிசையாக நின்று, ஒருவர் விடாமல் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினார்கள். வியர்வையில் நனைந்த கைகள். அந்தத் தகப்பனாரின் மகளும் வரிசையில் நின்றாள். அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது, "நம் கோவிலில் சமாதான வாழ்த்துச் சொல்லும்போது நான் என் வரிசையைத் தாண்டியதே இல்லை ஐயா" என்றார். நான் எழுத நினைத்த செய்தியை அவர் எனக்கு முன்பாகவே சொல்லி முடித்துவிட்டார்.

யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தொடை சுளுக்கி நொண்டியவனாய் விடியலைக் கண்டான். நாம் அவன் பெற்ற ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேசுகிறோம். அன்று காலையில் நடந்ததை எளிதில் கடந்துபோகிறோம். அவன் இருபது வருடம் அஞ்சி ஒதுங்கியிருந்த சகோதரன் எதிரே ஓடிவந்து அவனைத் தழுவிக்கொண்டான். இரவில் தேவனோடு நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பின்பு, பகலில் சகோதரனுடைய கைகளுக்குள் போய்ச் சேர்ந்தான்.

ஆகவே அந்தத் தகப்பனாரின் முதற்கேள்விக்கு என் பதில்: பொறுப்புள்ள ஆசிரியர், திறந்த கதவு, தட்டினால் விடும் ஒழுங்கு, இவை இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். இரண்டாவது கேள்விக்கு என் பதில் அவருக்கு மட்டும் உரியதல்ல. எனக்கும் உங்களுக்கும் உரியது. திருமணப் பேச்சுகளில் "நம்மவர்களா?" என்று விசாரிக்கப்பட்ட அறைகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், வாய் திறவாமல் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். 1745இல் இடிக்கப்பட்ட சுவரின் செங்கற்கள் சில இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. என் பங்கு செங்கல்லை நான் அறிக்கையிடுகிறேன்.

வரும் ஞாயிறன்று சமாதான வாழ்த்துச் சொல்லும் வேளையில், ஒவ்வொருவரும் உங்கள் வரிசையை விட்டு எழுந்து, இதுவரை நீங்கள் கைகொடுக்காத ஒருவரிடம் செல்லுங்கள். நான் பலிபீடத்தை விட்டுக் கடைசி வரிசைக்கு வருகிறேன்.

ஆண்டவர் தாமே நம்மை ஒருவரோடொருவர் இணைப்பாராக. ஆமென்.