பள்ளிகளில் தொற்றுநோய்த் தடுப்பு

ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோய்கள் மாணவரிடையே பரவாமல் காக்கும் பொருட்டுப் பள்ளியும் பெற்றோரும் பொதுச் சுகாதாரத் துறையும் மேற்கொள்ளும் நடவடிக்கைகள் பள்ளித் தொற்றுநோய்த் தடுப்பு எனப்படும். ஒரே அறையில் பல மணி நேரம் நெருங்கி அமர்ந்து, தண்ணீர்ப் புட்டியையும் எழுதுபொருளையும் கைமாற்றிக்கொள்ளும் சிறுவரிடையே தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்குவீங்கி, சளிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சொறிசிரங்கு, ‘மெட்ராஸ் ஐ’ என வழங்கும் விழிவெண்படல அழற்சி ஆகியவை எளிதில் பரவுகின்றன.

நோய் கண்ட மாணவரைக் குணமாகும்வரை வீட்டில் இருத்துவதே பழமையான தடுப்புமுறை. ஆயினும், நோயின் அடையாளம் வெளிப்படுமுன்பே தொற்றுக் காலம், அதாவது நோயாளி பிறருக்கு நோயைக் கடத்தக்கூடிய காலம், தொடங்கிவிடுவதால் இம்முறை தனித்து நின்று பயன் தருவதில்லை. தட்டம்மையில் உடலில் தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து, தோன்றிய பின் 4 நாள்வரை தொற்று நீடிக்கிறது. நோயுற்ற குழந்தை வெளியேறிய பிறகும் அதன் நச்சுயிரி அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கியிருக்கக்கூடும். சின்னம்மை, கொப்புளம் எழுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். பொன்னுக்குவீங்கி கண்டவர் கன்னம் வீங்கியதிலிருந்து 5 நாள் விலகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புவதோடு கடமை முடிந்ததெனக் கருதியதன் விளைவை நியூயார்க் நகரம் கண்டது. அங்கு 1897இல் பள்ளி மருத்துவ ஆய்வு தொடங்கப்பட்டு, டிரக்கோமா என்னும் கண்நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் தொல்லை உடைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டனர். புலம்பெயர்ந்து வந்த ஏழைப் பெற்றோர் பலருக்குக் கையில் கொடுத்தனுப்பிய சீட்டின் பொருள் விளங்கவில்லை. மருத்துவம் பார்க்க வழியுமில்லை. வகுப்பில் விலக்கப்பட்ட பிள்ளைகளோ, பள்ளி விட்டதும் அதே தோழர்களுடன் தெருவில் விளையாடினர். ஹென்றி தெரு செவிலியர் இல்லத்தை நிறுவிய லில்லியன் வால்ட், 1902 அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்னும் செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனை முயற்சியாக அனுப்பினார். ரோஜர்ஸ் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டதுடன், வீடு வீடாகச் சென்று தாய்மாருக்கு மருத்துவமுறையைச் செய்துகாட்டவும் செய்தார். முயற்சி பலித்ததால் நகராட்சி மேலும் பல செவிலியரை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்த விலக்கங்களின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ஏறத்தாழ 1,100 ஆகக் குறைந்தது. பள்ளிச் சுகாதாரத்தின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தடுப்பூசி நோயை அதன் தோற்றத்திலேயே மறிக்கிறது. தட்டம்மை பரவாதிருக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இரு தவணை பெற்றிருத்தல் வேண்டும். இந்தியாவில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டோருக்கான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம், 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநில, ஒன்றியப் பகுதிகளில் முதற்கட்டமாகத் தொடங்கியபோது, பள்ளிகளே அதன் முதன்மைக் களங்களாக அமைந்தன. தொண்டை அடைப்பானுக்கு எதிரான ஊக்கத் தவணைகள் 5-6 வயதிலும், பின்னர் 10, 16 வயதுகளிலும் இடப்படுகின்றன.

மெட்ராஸ் ஐ, நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் தொற்றும் என்னும் நம்பிக்கை தவறானது; கண்ணைத் தொட்ட கை, துண்டு, கைக்குட்டை வழியாகவே அது பரவுகிறது. கருப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தடுக்காது. சோப்பிட்டு 20 நொடியேனும் கைகழுவுவது இந்நோயையும் வயிற்றுப்போக்கையும் கணிசமாகக் குறைக்கும். இதற்குத் தேவையானவை, மதிய உணவு வேளையில் அனைவரும் பயன்படுத்தப் போதுமான குழாய்களும், தடையின்றி வரும் தண்ணீரும், தீர்ந்தவுடன் மாற்றிவைக்கப்படும் சோப்புமே. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசளிக்கும் வழக்கம் இம்முயற்சிகளுக்கு நேர் எதிரானது. காய்ச்சலோடு வகுப்புக்கு வரும்படி அது பிள்ளையைத் தூண்டுகிறது.