1891-ல் மேடைக்கு வந்த இரண்டு பேர்

வண்டியூர்க்காரர்களுக்கு பங்குனி பிறந்துவிட்டால் ராத்திரி ஆர்மோனிய சத்தம் புதுசில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் ஏதாவது ஒரு கோயிலில் திருவிழா, திருவிழா என்றால் நாடகம், நாடகம் என்றால் அநேகமாக வள்ளி திருமணம். பத்து மணிக்கு மேல் பபூன் வருவார். வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் முடியும்போது கிழக்கே வெளுத்திருக்கும்.

இதை ஏன் 'ஸ்பெஷல் நாடகம்' என்கிறார்கள் என்று தேடப் போனேன். காரணம் எளிமையானது. இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் வரவழைப்பார்கள். ஒத்திகை இல்லை. முருகனும் வள்ளியும் அந்த மேடையில்தான் முதல்முதலாகச் சந்தித்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று மனப்பாடமாக இருப்பதால்தான் இது நடக்கிறது. அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கம் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் முதலில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர். 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1891 வாக்கில் வருகிறது. அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தது.

1891-ல் சென்னையில் பெல்லாரிக்காரர்களின் சரச வினோதினி சபை தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதை நடத்திய கிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல். ஊரில் மதிப்பாக இருக்கும் வக்கீல் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு நடிக்கிறார்! அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவரை இது உலுக்கிவிட்டது. அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். வயது 18. அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சம்பளம் கிடையாது, பிழைப்பு வேறு, நாடகம் ஆசைக்கு. தமிழில் 'அமெச்சூர்' சபா என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இந்த சபை செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. அன்றைய நாடகம் பாட்டாலேயே நிறைந்தது. கோபம் வந்தாலும் பாட்டு, சாவு வந்தாலும் பாட்டு. சம்பந்த முதலியார் வசனத்தை முன்னால் கொண்டுவந்தார். 1895-ல் மேடையேறிய மனோகரா இன்றைக்கும் பேர் சொல்கிறது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இந்த சபையில் நடித்தவர்தான். நாடகம் பார்க்கப் போனேன் என்று பெரிய மனிதர்கள் வெளியே சொல்லிக்கொள்ளும்படி ஆயிற்று. முதலியார் நீதிபதியாகவும் ஆனார். 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது.

இப்போது மதுரைக்கு வாருங்கள். 1918-ல் சுவாமிகள் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெயரில் இதுவும் 'சபை'தான். ஆனால் நடிகர்கள் சிறுவர்கள், வேலை பிழைப்புக்கு. ஔவை டி.கே.சண்முகம் இங்கே சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. அவருக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தாராம். பிற்பாடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு எம்.ஜி.ஆர். வந்து சேர்ந்ததும் வீட்டு வறுமையால்தான். இந்தப் பிள்ளைகளுக்குக் கம்பெனியே வீடு, கம்பெனியே பள்ளிக்கூடம். குரல் உடைந்தால் பாட முடியாது. பாட முடியாவிட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

ஒரே காலம், ஒரே கலை. ஆனால் ஒருவர் வேஷம் கட்டினால் அது 'கலை ஆர்வம்', இன்னொருவர் கட்டினால் அவர் 'கூத்தாடி'. வித்தியாசம் நடிப்பில் இல்லை, பாருங்க. ராத்திரி ஆடிவிட்டுக் காலையில் கோர்ட்டுக்குப் போக முடிந்தவருக்கு மரியாதை இருந்தது. ஆடினால்தான் சோறு என்றிருந்தவருக்கு இல்லை. அமெச்சூர்கள் நாடகத்துக்குக் கௌரவம் தேடித் தந்தார்கள் என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. உண்மைதான். அந்தக் கௌரவம் நாடகத்தையே நம்பி இருந்தவர்கள் வரைக்கும் வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுகுண விலாச சபையில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் ஆண்கள். முதலியாருக்கு ஜோடியாகப் பல வருஷம் நடித்துப் பேர் வாங்கிய ரங்கவடிவேலுவும் ஆண்தான். குடும்பத்துப் பெண்ணை மேடையேற்றினால் தேடிய கௌரவம் போய்விடும் என்ற பயம் அந்தக் காலத்துக்கு இருந்தது. ஸ்பெஷல் நாடக மேடையில் கே.பி.சுந்தராம்பாள் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கு எதிரே நின்று, அவர் குரலுக்குச் சமமாகப் பாடினார். அதற்கு அந்த மேடையின் பெண்கள் கொடுத்த விலை ஊர் பேசிய பேச்சு. திருவிழாவுக்குக் கூப்பிட்டு விடிய விடிய ரசிக்கும் ஊரே, விடிந்ததும் வேறு விதமாகப் பேசும். இந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

இரண்டு பக்கமும் ஒட்டாமலே இருந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். சம்பந்த முதலியாரின் மனோகராவை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். வக்கீல் எழுதிய வசனம் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளின் வாய் வழியாக ஊர் ஊராகப் போயிற்று. 1954-ல் அதே மனோகரா சினிமாவானபோது நாயகன் சிவாஜி கணேசன். அவரும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர்தான்.

இப்போது நிலைமை என்ன? சுகுண விலாச சபை என்ற பெயர் சென்னையில் இருக்கிறது, ஒரு கிளப்பாக. சீட்டும் பில்லியர்ட்ஸும்தான் அங்கே பிரதானம் என்கிறார்கள். மதுரையில் சுவாமிகளுக்குத் தமுக்கத்தில் ஒரு சிலை. அதைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் அவர் யார் என்று தெரிந்தவர்கள் கம்மி. ஆனால் அவர் எழுதிய பாடம் ஏதோ ஒரு ஊர்ப் பொட்டலில் இன்று ராத்திரியும் நடக்கும்.

அடுத்த தடவை அந்தச் சத்தம் கேட்டால், ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். முடிந்தால் விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்த வள்ளியைப் பார்த்தால், நல்லா பாடினீங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.