ஸ்லேட்டர் கிராமங்கள்: தமிழகப் பொருளாதார ஆய்வின் ஒரு நூற்றாண்டுத் தடம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். விடுமுறைக்கு ஊர் கிளம்பிய மாணவர்களிடம் மறு ஆண்டு வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பன போன்ற கேள்விகள். மாணவர்கள் எழுதிவந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம் ஆகிய ஐந்து ஊர்களும் அன்று முதல் ஆய்வுலகில் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’.

தமிழகப் பொருளாதாரத்தின் வளர்ச்சியை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் 1990களின் கார் ஆலைகளிலிருந்து தொடங்குகிறார்கள். அது பாதிக் கதைதான். ஆலை வருமுன்பே, உழைப்பு நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விடுபடத் தொடங்கியிருந்தது. அதற்கான சான்று இந்தக் கிராம ஆய்வுகளில் இருக்கிறது.

ஐந்தில் இருவேல்பட்டு தனித்து நிற்கிறது. திருவெண்ணெய்நல்லூருக்கு அருகே, மலட்டாற்றங்கரை ஊர். நிலத்தின் பெரும்பகுதி ரெட்டியார் குடும்பங்களிடம் இருந்தது. 1916 அறிக்கையில் வரும் படியாள், கடனால் கட்டுண்டவன். கல்யாணச் செலவுக்கென்று மிராசுதாரிடம் சிறு தொகை வாங்குவான். அது அடையும்வரை அவரிடமே வேலை. கூலியோ படி நெல். நெல்லில் வயிறு நிரம்புவதே பாடு என்றால் கடன் எப்படி அடையும்? அப்பன் பட்ட கடன் மகன் தலையில் இறங்கும். பொருளியலார் ‘உழைப்புச் சந்தை’ என்று சொல்லும் ஒன்று அங்கே இல்லவே இல்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அன்று பல்கலைக்கழகம் வரை வந்த மாணவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். எனவே சேரியின் கணக்கு ஊர்த் திண்ணையிலிருந்து எடுக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் படியாளின் நிலை மறையாமல் பதிவாகியிருப்பது வினாப்பட்டியலின் வலிமை.

பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மறு ஆய்வு 1940இல் நூலாக வந்தது. 1960களில் அதே ஊர்களை ஆராய மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். ஆனால் இந்த மரபுக்கு நிலையான இருப்பிடம் கிடைத்தது 1971இல்தான். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மாநிலத் திட்டக் குழு அமைந்ததும் அதே ஆண்டு. 1980களில், தமிழக அரசின் முன்னாள் நிதிச் செயலர் எஸ். குகன், மானிடவியலர் ஜோன் மென்சர், வெங்கடேஷ் ஆத்ரேயா முதலியோர் ஸ்லேட்டரின் ஊர்களுக்கு மறுபடி போனார்கள். கோப்பு பார்த்துப் பழகிய ஓர் அதிகாரி வயல்வரப்பில் இறங்கிக் கணக்கெடுத்தது தமிழக நிர்வாக வரலாற்றில் அடிக்கடி நடக்காத காரியம்.

ஸ்லேட்டரின் தஞ்சை ஊரான பாலக்குறிச்சிக்குப் பக்கத்தில்தான் வெண்மணி. 1952இல் தஞ்சைக்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பரில் வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரே, 1969இல், நியாயக் கூலிச் சட்டம். தஞ்சையில் கூலி உயர்ந்ததற்குச் சந்தை விதியை மட்டும் காரணம் காட்டும் ஆய்வை நான் ஏற்பதில்லை.

இருவேல்பட்டின் 2008 நிலை பற்றிய ஆய்வை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2010இல் வெளியிட்டார்கள். அதன்படி, ஊரின் பிழைப்பு விவசாயத்தை மட்டும் நம்பியில்லை. பலர் வெளிவேலைக்குப் போகிறார்கள். நிலக்கிழாரின் செல்வாக்கு தேய்ந்திருக்கிறது. தலித் உழைப்பாளர் முன்னைவிடச் சுதந்திரமாக இருக்கிறார்கள். இதில் அரசின் நலத்திட்டங்களுக்கும் பங்குண்டு. ரேஷன் அரிசி ‘இலவசம்’ என்று ஏளனம் செய்யப்படுவதுண்டு. ஆனால் வீட்டில் அரிசி இருப்பவன், குறைந்த கூலிக்கு ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியும். அந்தச் சொல்லின் பொருளாதார மதிப்பை எந்த வளர்ச்சி விகிதமும் தனியாகக் காட்டாது. இந்த மூவரில் ஒருவரான ஜெயரஞ்சன் 2021இல், அப்போது மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்ற பெயரில் இருந்த அதே திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். அந்தக் குழு தயாரித்த, தமிழகத்தின் முதல் பொருளாதார ஆய்வறிக்கை 2025 மார்ச்சில் வெளியானது.

இன்று கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்தகடுகள் தயாராகின்றன. தூசியை அடுத்த செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்குச் சுற்றுவட்டாரப் பெண்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். படியாள் முறை ஒழிந்த ஊர்களிலிருந்துதான் இந்த ஆலைகளுக்கு ஆள் கிடைக்கிறது.

நிலக் கணக்கு மட்டும் அந்த அளவுக்கு மாறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அவர்கள் கையில் உள்ள சாகுபடி நிலமோ மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.